உட்கார்ந்து பார்க்காமல் வாங்கிய ஷார்ட்ஸ்

என் அலமாரியின் கீழ்த்தட்டில் ஐந்து ஷார்ட்ஸ் இருக்கின்றன. ஐந்தையும் ஒரே காரணத்துக்காகத்தான் வாங்கினேன். டிரெயிலில், அதாவது மலை, காட்டுப் பாதையில், சைக்கிள் ஓட்டவும் ஆக வேண்டும், ஓட்டி முடித்த கையோடு அப்படியே நாலு இடத்துக்குப் போய்வரவும் ஆக வேண்டும். அதில் நான்கு இன்றைக்கு எதற்கும் ஆவதில்லை. ஒன்றைப் போட்டுக்கொண்டு நடந்தால் மழைக்கோட்டு எழுந்து நடப்பதுபோல் சரக் சரக்கென்று சத்தம். ஒன்று நடக்கச் சுகம், ஆனால் பெடலை மிதித்தால் தொடையைப் பிடித்து இழுக்கும். ஒன்றின் உள்ளே பேடு, அதாவது உட்காரும் இடத்துக்கு ஒரு மெத்தை, சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அதோடு நாற்காலியில் அரை மணி நேரம் இருந்தால் நனைந்த ஸ்பாஞ்சின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். நான்காவது பார்க்க எல்லாவற்றையும்விட அழகானது, துணியும் எல்லாவற்றையும்விட உறுதியானது. இப்போது அதன் ஒரு கால் இன்னொரு காலைவிடக் குட்டையாக இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு, வருகிறேன்.

ஒரு அரைக்கால் சட்டைக்கு இவ்வளவு பேச்சா என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே பலமுறை கேட்டுக்கொண்டாயிற்று. சஸ்பென்ஷனில் எவ்வளவு காற்று, டயரில் எவ்வளவு காற்று என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட உடுப்பு என்று வந்துவிட்டால் "ஏதாவது லூசா ஒண்ணு மாட்டிக்க" என்று முடித்துவிடுகிறார்கள். மலைச்சைக்கிளின் தொடக்கத்தில் அது சரியான பதிலாகத்தான் இருந்திருக்கும். 1976 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், ரீபேக் என்ற மண்சாலையில் முதல் பந்தயம் விட்டவர்கள் ஜீன்ஸும் பூட்ஸுமாகத்தான் இறங்கினார்கள். ஏறக்குறைய இரண்டு மைலில் 1300 அடி இறக்கம், கையில் பழைய கனத்த சைக்கிள், பின்சக்கரத்தில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் பிரேக்குக்குள் இருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம், ரீபேக் என்ற பெயரே அதனால் வந்ததுதான். அவர்களுக்கு டிரெயில் உடுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. காலையில் எதைப் போட்டார்களோ அதோடு வந்தார்கள்.

அப்புறம்தான் உடுப்பு இரண்டு வழியாகப் பிரிந்தது. ரோடு சைக்கிள் பக்கமிருந்து உடம்போடு ஒட்டும் லைக்ரா வந்தது, மோட்டார் சைக்கிள் பந்தயப் பக்கமிருந்து தொளதொள உடுப்பு வந்தது. இன்றைக்கும் ஏற்றமும் இறக்கமுமாகப் போகிற கிராஸ்கன்ட்ரி பந்தயத்தில் லைக்ராதான். மலையிலிருந்து இறங்குவது மட்டுமேயான டவுன்ஹில் பந்தயத்திலோ ஒட்டும் லைக்ராவுக்கு சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் விதியே இடம் தருவதில்லை. வாரத்துக்கு ஒருநாள் காட்டுப்பாதையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, வருகிற வழியில் யாரையாவது பார்த்துவிட்டு வீடு திரும்புகிற என்னைப் போன்றவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம். அந்த நடுவுக்குத்தான் ஐந்து ஷார்ட்ஸ் வாங்கியிருக்கிறேன்.

சீட்டின் மூக்கு

நான்காவதை வாங்கியபோது மனதுக்குள் எந்தச் சந்தேகமும் இல்லை. டிரையல் ரூம் கண்ணாடியில் முன்னால் பார்த்தேன், திரும்பிப் பின்னால் பார்த்தேன். சாம்பல் நிறம், எழுத்து, கோடு எதுவும் இல்லை. கால் அகலமாக, முழங்காலை லேசாகத் தொட்டு நின்றது. கவட்டுப் பகுதி நன்றாக இறங்கி, காற்றோட்டமாக இருந்தது. எங்கேயும் பிடிக்கவில்லை. முதல் மூன்றில் பட்ட அனுபவத்தில் "இனி லூசாகத்தான்" என்று முடிவு செய்திருந்ததால், இது கடவுளே கொண்டுவந்து கொடுத்ததுபோல் இருந்தது.

மூன்றாவது வாரம் அந்தப் பாறைப் படிக்கட்டு. முழங்கால் உயரம் இருக்கும், அதற்குக் கீழே பாதை செங்குத்தாக இறங்கி இடப்பக்கம் திரும்பும். அதில் இறங்க வேண்டுமென்றால் சீட்டைத் தாழ்த்திவிட்டு உடம்பைப் பின்னால் கொண்டுபோக வேண்டும், முன்சக்கரம் தரையைத் தொட்டதும் உடனே முன்னால் வந்து திருப்பத்துக்குத் தயாராக வேண்டும். பத்துத் தடவையாவது அதில் இறங்கியிருப்பேன். அன்றைக்கும் பின்னால் போனது சரியாகத்தான் போனேன். முன்னால் வரப் பார்த்தபோது வர முடியவில்லை. சீட்டின் மூக்கு கவட்டுத் துணிக்குள் நுழைந்து கொக்கி போட்டதுபோல் பிடித்துக்கொண்டது. உடம்பு முன்னால் வரத் துடிக்கிறது, துணி பின்னால் இழுக்கிறது. ஒரு வினாடிகூட இருக்காது. அதற்குள் திருப்பம் வந்துவிட்டது, நான் நேராகப் போய்ப் புதரில் விழுந்தேன்.

முழங்கை தோல் உரிந்து கிடந்தது. ஷார்ட்ஸில் ஒரு கீறல் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அந்தத் துணி கொஞ்சம் மட்டமாக இருந்து, சீட்டு மாட்டிய இடத்தில் டர்ரென்று கிழிந்திருந்தால் நான் விழுந்திருக்கவே மாட்டேன். உறுதியான துணி என்று கேட்டு வாங்கியதற்கு அது ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.

பின்னால் வந்த நண்பன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"என்னடா ஆச்சு?"

"சீட்டுல மாட்டிக்கிச்சுடா."

"எது?"

"டவுசர்."

எலும்பு எதுவும் உடையவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு அவன் பாறை மேல் உட்கார்ந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "இவ்ளோ கீழ தொங்குதே, வாங்கும்போது பாக்கலையா?" என்றான்.

"பாத்தேன். கண்ணாடில நல்லாத்தான் இருந்துச்சு."

"கண்ணாடில நீ நின்னுக்கிட்டு இருந்திருப்ப."

அவன் கேலியாகத்தான் சொன்னான். ஆனால் வீட்டுக்கு வந்து முழங்கையைக் கழுவும்போதும் அது காதிலேயே நின்றது. நான்கு ஷார்ட்ஸையும் நான் எப்படிப் போட்டுப் பார்த்தேன் என்று யோசித்தேன். நின்றபடி, கைகளைத் தொங்கவிட்டு, வயிற்றைக் கொஞ்சம் உள்ளிழுத்து. சைக்கிள் மேல் ஒரு வினாடிகூட நான் அப்படி இருப்பதில்லை. சொல்லப்போனால் வீட்டிலும் வெளியிலும்கூட அப்படி இருப்பது குறைவுதான். உட்காருகிறோம், குனிகிறோம், படி ஏறுகிறோம். ஆடை வாங்கும்போது மட்டும் போட்டோவுக்கு நிற்பதுபோல் நிற்கிறோம்.

அன்று சாயங்காலம் சைக்கிளை அறைக்குள் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவைத்து, ஒவ்வொன்றாகப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றினேன். இதை எப்போதோ செய்திருக்க வேண்டும். முதலில் தெரிந்தது இடுப்பு. ஹேண்டில்பாரைப் பிடிக்கக் குனிந்ததும் முன்பக்கத் துணி வயிற்றில் மடிந்து குவிகிறது, பின்பக்கம் சரிந்து முதுகு தெரிகிறது. நல்ல சைக்கிள் ஷார்ட்ஸில் இடுப்பின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட உயரமாக வெட்டப்பட்டிருப்பது இதனால்தான். அதைக் கையில் பிடித்துப் பார்த்தால் ஏதோ கோணலாகத் தைத்ததுபோல் இருக்கும். முன்பு நானே அப்படி ஒன்றைத் தையல் சரியில்லை என்று எடுத்த இடத்தில் வைத்திருக்கிறேன்.

அடுத்தது நீளம். நிற்கும்போது முழங்காலைத் தொட்ட விளிம்பு, பெடல் மேலே வந்து முழங்கால் மடங்கியதும் நாலு விரற்கடை மேலே ஏறிவிடுகிறது. முழங்கால் பேடு போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இதுதான் தலைவலி. பேடுக்கும் ஷார்ட்ஸுக்கும் நடுவில் ஒரு பட்டை தோல் வெளியே தெரியும், விழும்போது சொல்லிவைத்த மாதிரி அங்கேதான் கல் குத்தும். அதனால்தான் டிரெயில் ஷார்ட்ஸில் உள்கால் நீளம், அதாவது கவட்டிலிருந்து விளிம்புவரை, பெரும்பாலும் 11 முதல் 14 அங்குலம் இருக்கிறது. வெளியே போட்டுக்கொண்டு போகிற சாதாரண ஷார்ட்ஸ் ஏழு, எட்டு, ஒன்பதில் நின்றுவிடும். டிரெயிலில் சரியாக இருக்கும் நீளம் தெருவில் நடக்கும்போது அண்ணனின் உடுப்பை வாங்கிப் போட்டதுபோல் தெரியும். தெருவில் சரியாக இருப்பது சைக்கிள் மேல் நீச்சல் உடையாகிவிடும். இரண்டுக்கும் சேர்த்து வாங்குகிறவர் இங்கே ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். நான் குட்டையான பேடு போடுகிறவன், ஆளும் உயரம் குறைவு. அதனால் 11 அங்குலத்தில் என் பஞ்சாயத்து முடிந்துவிட்டது. நீண்ட கால் உள்ளவர்களுக்கு அது முடியாது.

கடைசியாகக் கவடு. நான்காவதைப் போட்டு உட்கார்ந்தபோது சீட்டின் மூக்கு துணிக்குள் எவ்வளவு தாராளமாகப் போய்வருகிறது என்று பார்த்தேன், கோழிக்குஞ்சைக் கூடை போட்டுக் கவிழ்த்த மாதிரி. அப்போதுதான் விளங்கியது. "லூஸ்" என்று நான் ஒரே சொல்லில் கேட்டுக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு விஷயம். தொடையில் லூசாக இருக்க வேண்டும், கவட்டில் இருக்கவே கூடாது. கவட்டுத் துணி உடம்புக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அந்த அளவுக்குக் கால்கள் சுதந்திரமாக அசையும், சீட்டும் மாட்டாது. கேட்கும்போது தலைகீழாகத் தெரியும். ஒரு சட்டையை எடுத்துப் பாருங்கள். அக்குள் இறங்கித் தைத்த சட்டையில் கையைத் தூக்கினால் மொத்தச் சட்டையும் மேலே வரும், அக்குளை ஒட்டித் தைத்ததில் கை மட்டும் தூக்கும். அதே கணக்குதான்.

கவட்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சாதாரணக் கால்சட்டையில் நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் வந்து சேரும், சரியாகச் சீட்டின்மேல் படுகிற இடத்தில். ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்த துணி அங்கே ஒரு முடிச்சுபோல் திரண்டிருக்கும். அந்த இடத்தில் சாய்சதுரமாகத் தனித்துண்டு ஒன்றை வைத்துத் தைத்துவிட்டால் தையல்கள் பிரிந்து ஓரத்துக்குப் போய்விடும், காலை அகட்டவும் இடம் கிடைக்கும். உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் உடனே தெரியும். அந்தத் துண்டு இல்லையென்றால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் இப்போது வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

ஐந்தாவதை வாங்கப் போனபோது டிரையல் ரூமில் நான் அடித்த கூத்தை யாராவது பார்த்திருந்தால் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். குந்தி உட்கார்ந்தேன். ஒற்றைக் காலில் நின்று இன்னொரு முழங்காலை மார்புவரை தூக்கினேன். ஸ்டூல் ஓரத்தில் உட்கார்ந்து இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்தேன். பைக்குள் மறக்காமல் எடுத்துப் போயிருந்த முழங்கால் பேடை மாட்டிக்கொண்டு அதையெல்லாம் மறுபடி செய்தேன். கண்ணாடியைக் கடைசியில்தான் பார்த்தேன், அதுவும் வெளியே போட்டுக்கொண்டு போக முடியுமா என்பதற்காக மட்டும்.

பேடு எங்கே இருக்க வேண்டும்

இந்த விஷயத்தில் எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. இரண்டு வேலைக்கும் ஒரே ஷார்ட்ஸ் வேண்டும் என்கிறவர், பேடு சேர்த்துத் தைத்த ஷார்ட்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. பேடின் வேலை உட்காரும் எலும்புகளுக்கும் சீட்டுக்கும் நடுவில் நிற்பது. தோலோடு ஒட்டி, நகராமல் நின்றால்தான் அது பேடு. தொளதொள ஷார்ட்ஸில் தைத்த பேடு துணியோடு சேர்ந்து அலையும், உதவி செய்வதற்குப் பதில் உரசும். நிமிடத்துக்கு 80 சுற்று பெடல் மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 4800 சுற்று. டிரெயிலில் பாதி நேரம் மிதிக்காமல் இறங்குவதுதான் என்று கழித்துவிட்டாலும், ஒரு மணி நேரத்தில் ஒரே இடத்தில் இரண்டாயிரம் தடவைக்கு மேல் உரசுகிறது. அடியில் உள்ளாடை வேறு போட்டிருந்தால் அதன் தையல் விளிம்பும் சேர்ந்துகொள்ளும். பேடுக்கு அடியில் எதுவும் போடக் கூடாது என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு முழு மாதம் நான் அகட்டி நடந்திருக்க வேண்டியதில்லை.

பேடுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஷாமி என்ற பெயர் ஒரு மலையாட்டிலிருந்து வந்தது. முன்பு அந்த ஆட்டின் மென்தோலைத்தான் உள்ளே வைத்துத் தைத்தார்கள். துவைத்துக் காயப்போட்டால் விறைத்துவிடும், மறுபடி மென்மையாக்க ஒரு களிம்பைத் தேய்க்க வேண்டும். தோல் போய் ஃபோம் வந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன, களிம்பு மட்டும் உரசலுக்கு நல்லது என்ற புதுக் காரணத்தோடு இன்னும் விற்கிறது. பழைய பழக்கங்களுக்கு எப்படியோ ஒரு வேலை கிடைத்துவிடுகிறது.

ஆக, உள்ளே உடம்போடு ஒட்டும் பேடு ஷார்ட்ஸ் ஒன்று தனியாக, மேலே சாதாரண ஷார்ட்ஸ். இப்படிப் பிரித்துவிட்டதும் என் பிரச்சினை பாதியாகக் குறைந்துவிட்டது. சைக்கிளுக்கு மட்டும் உரிய சமாசாரம் முழுவதும் உள்ளே போய்விட்டது. மேலே இருப்பது நன்றாக வெட்டித் தைத்த அரைக்கால் சட்டையாக இருந்தால் போதும். ஓட்டி முடித்ததும் எங்கேயாவது மறைவில் உள்ளே இருப்பதைக் கழற்றி, துடைத்துக்கொண்டு, சாதாரண உள்ளாடைக்கு மாறி, மேலே அதே ஷார்ட்ஸ். இந்த மாற்றத்தை ஓட்டி முடித்த உடனே செய்துவிட வேண்டும். வியர்வை ஊறிய பேடோடு இருந்து பேசிக்கொண்டிருப்பது கொப்புளத்துக்கும் படைக்கும் பத்திரிகை வைத்து அழைப்பது மாதிரி. ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டமென்றால் நான் பேடே போடுவதில்லை. இறக்கத்தில் எப்படியும் பெடல்மேல் நின்றுகொண்டுதானே வருகிறோம். சீட்டு சரியில்லாமல் வலிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எலும்புகளின் அகலத்துக்குச் சீட்டு பொருந்தவில்லை என்றால் எவ்வளவு தடித்த பேடும் காப்பாற்றாது, அந்தக் காசைச் சீட்டில் போடுங்கள்.

சத்தம் போடும் துணி

முதல் ஷார்ட்ஸைப் பற்றிச் சொன்னேனே, மழைக்கோட்டு. அதைப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டத்துக்குத் தாமதமாகப் போனேன். காலையில் ஓட்டிவிட்டு நேராக வந்திருந்தேன், ஷார்ட்ஸ் சுத்தமாகத்தான் இருந்தது, பார்க்க அசிங்கமில்லை. கதவிலிருந்து கடைசி வரிசைக்குப் பன்னிரண்டு அடி. ஒவ்வொரு அடிக்கும் சரக், சரக். பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். மெதுவாக நடந்தால் சத்தம் நின்றுவிடும் என்று நினைத்தேன். மெதுவாக நடந்ததில் அதே சத்தம் கூடுதல் நேரம் கேட்டது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு துணியைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம் உண்டு. வழுவழுப்பான நைலான் இழையை இறுக்கி நெய்து, மேலே தண்ணீர் ஒட்டாமல் பூச்சு கொடுத்தால் அது உரசும்போது பேசும். அதே நைலானை இழையில் சற்றுச் சுருளும் மென்மையும் கொடுத்து, தொட்டால் பருத்திபோல் இருக்கும்படி நெய்தால் சத்தம் வராது. கடையில் இரண்டு கால்களையும் காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஒன்றோடொன்று தேய்த்துப் பாருங்கள், ஒரு நொடி வேலை. கடைப்பையன் பார்த்தால் பார்க்கட்டும்.

அப்படியானால் பருத்தியையே போட்டால் என்ன? அன்றாடத்துக்கு அதைவிடச் சுகம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பருத்தி தண்ணீரை விரும்பும். சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். நைலான் 4 சதவீதம், பாலியஸ்டர் அரை சதவீதத்துக்கும் கீழே. வியர்வையோ சேற்றுத் தண்ணீரோ பட்டுவிட்டால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். நனைந்த பருத்தி தொடையில் ஒட்டும், கனக்கும், காய மறுக்கும், உரசித் தோலைச் சிவக்கவைக்கும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் வியர்வை நாற்றத்தை விட்டுக்கொடுக்காமல் பிடித்துவைத்திருக்கும். உராய்வைத் தாங்குவதில் நைலான் அதைவிட ஒருபடி மேல். ஆகவே என் ஓட்டு நைலானுக்கு, கூடவே பத்து சதவீதம்போல் ஸ்பான்டெக்ஸ். 1958இல் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசஃப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த, இழுத்தால் நீண்டு திரும்பச் சுருங்கும் இழை அது. 'விரிகிறது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டுத்தான் அந்தப் பெயரையே வைத்தார்கள். நான்கு பக்கமும் இழுபடுகிறதா, அகலவாக்கில் மட்டும்தானா என்று இழுத்துப் பாருங்கள். முழங்கால் மடங்கும்போது துணி நீளவாக்கில்தான் இழுபட வேண்டியிருக்கும். அகலவாக்கில் மட்டும் இழுபடுகிற துணி அங்கே பெரிதாக உதவாது. என் இரண்டாவது ஷார்ட்ஸ் தொடையைப் பிடித்த ரகசியம் அதுதான்.

தண்ணீர் ஒட்டாத பூச்சுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள் என்றும் சொல்வேன். பழைய பூச்சுகளில் இருந்த ஃப்ளூரின் ரசாயனங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்கிவிடுகின்றன என்பதால் நிறுவனங்கள் அவற்றைக் கைவிட்டு வருகின்றன. புதிய பூச்சு எதுவானாலும் துவைக்கத் துவைக்கப் போகும். அதற்கும் மேல், மலைச்சைக்கிளில் தண்ணீர் வானத்திலிருந்து வருவதைவிடப் பின்சக்கரத்திலிருந்து வருவதுதான் அதிகம். சக்கரம் நேராகப் பின்பக்கத்தில் சேற்றை வாரி அடிக்கும்போது எந்தப் பூச்சும் மானத்தைக் காப்பாற்றாது. இருண்ட நிறம்தான் கொஞ்சம் காப்பாற்றும்.

சாவி

பாக்கெட்டைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை, அதையும் அடிபட்டே கற்றேன். முன்பக்கப் பாக்கெட்டில் போனைப் போட்டுக்கொண்டு மிதித்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் அது தொடையில் தட்டும். எண்ணிக்கொண்டே வரலாம். தொடையின் வெளிப்பக்கம், சற்றுப் பின்னால் தள்ளி, ஜிப் வைத்த பாக்கெட் இருந்தால் அங்கே வைத்த போன் காலோடு சேர்ந்து போகும், தனியாக ஆடாது. நாற்காலியில் உட்கார்ந்தாலும் குத்தாது. ஆனால் பக்கவாட்டில் விழுந்தால் அதன்மேல்தான் விழுவோம், அதனால் கடினமான இறக்கத்துக்குப் போகும்போது போனைப் பைக்கு மாற்றிவிடுவேன். பின்பாக்கெட் அலங்காரத்துக்கு. இடுப்பைப் பொறுத்தவரை பக்கத்துக்கு ஒரு வெல்க்ரோ பட்டை வைத்து இறுக்குவதுதான் டிரெயிலுக்கு வசதி. பெல்ட் பக்கிள் குனியும்போது வயிற்றில் குத்தும். வெல்க்ரோவை மூடாமல் துவைக்கப் போட்டால் மற்ற துணியையெல்லாம் பிராண்டி எடுத்துவிடும், வீட்டில் எனக்குக் கிடைத்த வசவுகளில் கணிசமானவை அதற்காகத்தான். துணியை மென்மையாக்கும் திரவத்தையும் சேர்க்காதீர்கள், சூட்டில் உலர்த்தாதீர்கள். ஸ்பான்டெக்ஸ் தளர்ந்துவிட்டால் திரும்ப வராது.

ஐந்தாவதுக்கு மூன்று வருடம் ஆகிவிட்டது. பாறையில் தேய்ந்திருக்கிறது, முள்ளில் மாட்டியிருக்கிறது, இரண்டு தடவை சரளைக் கல்லில் என்னோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. போன மாதம் வெளிச்சத்தில் பிடித்து எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தேன். சீட்டுப் படும் இடம்தான் முதலில் போகும் என்று நினைத்திருந்தேன். அங்கே லேசான பளபளப்பு மட்டும்தான். வலது முன்பாக்கெட்டின் அடிமூலையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. டிரெயிலுக்குப் போகும்போது அந்தப் பாக்கெட்டில் நான் எதையும் வைப்பதில்லை. மற்ற ஆறு நாளும் அதில் வீட்டுச் சாவி கிடக்கிறது. பாறையும் முள்ளும் மூன்று வருடத்தில் செய்யாததை வாசலுக்கும் படிக்கட்டுக்கும் நடந்து நடந்தே நான் செய்து முடித்திருக்கிறேன்.

தையற்காரரிடம் கொண்டுபோனேன்.

"சைக்கிள்ல விழுந்து கிழிச்சீங்களா தம்பி?" என்றார். ஹெல்மெட்டோடு என்னைப் பார்த்திருக்கிறார்.

"இல்லண்ணே, சாவி."

உள்பக்கம் ஒட்டுப் போட உறுதியான துணி இருந்தால் நல்லது, தன்னிடம் இருப்பதெல்லாம் மெல்லிசு என்றார். வீட்டுக்குப் போய் நான்காவதை எடுத்து வந்தேன். ஒரு காலின் விளிம்பிலிருந்து நாலு அங்குலம் வெட்டிக்கொள்ளச் சொன்னேன். அவர் கத்திரியை வைக்காமல் துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார், உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார்.

"இது லேசுல கிழியாதே தம்பி. இவ்ளோ நல்ல உருப்படியப் போய் ஏன் வெட்டச் சொல்றீங்க?"

"அது கிழியாதுன்னு எனக்கும் தெரியும்ணே" என்றேன். "நீங்க வெட்டுங்க."